புயலில் விழுந்த மரம்: எதை முதலில் செய்வது, எதைத் தொடாமல் விடுவது

காற்று ஓய்ந்த மறுநாள் காலையில் எல்லாருக்கும் கை பரபரக்கும். வாசலை அடைத்துக்கொண்டு மரம் கிடக்கிறது, வண்டியை எடுக்க முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே அரிவாளோடு இறங்கிவிட்டார். இந்தப் பரபரப்புதான் ஆபத்து. மரத்தால் அடிபடுகிறவர்களில் பலர் புயலின்போது வீட்டுக்குள் பத்திரமாக இருந்துவிட்டு, மறுநாள் சுத்தம் செய்யப்போய் அடிபட்டவர்கள். பிழைத்திருக்கக்கூடிய எத்தனையோ மரங்கள் சாவதும் அந்த முதல் வாரத்து அவசரத்தில்தான்.

விழுந்த மரம் எங்கும் ஓடிப்போகாது. உண்மையிலேயே அவசரமான வேலைகள் மூன்றுதான்: மின்கம்பி, மரத்தின் அடியில் இருக்கும் மனிதர்கள், வேர் தெரியச் சாய்ந்து கிடக்கும் சின்ன மரங்கள். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் கடைசிக்குத் தள்ளுகிறோம். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

முதல் படி: கம்பி

மரத்தைப் பார்க்குமுன் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்தும், கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மரத்திலிருந்தும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். நனைந்த மரத்தில் மின்சாரம் பாயும். இலை நுனி மட்டும் கம்பியில் பட்டிருந்தாலும் அடிமரத்தில் கை வைக்கக் கூடாது. இரும்பு வேலி, கேட், துணி காயப்போடும் கம்பி எல்லாமே இதே கணக்கில் வரும்.

தெரு முழுக்கக் கரண்ட் இல்லை என்பது சமாதானம் ஆகாது. யாரோ ஒருவர் ஜெனரேட்டரை நேராக வீட்டு வயரிங்கில் சொருகியிருந்தால் அந்த மின்சாரம் பின்னோக்கி வெளிக்கம்பிக்கு ஏறிவிடும். தொலைபேசி கேபிள், இணையக் கேபிள்தானே என்றும் அலட்சியம் வேண்டாம். அது வேறெங்கோ மின்கம்பியோடு சிக்கியிருக்கலாம்.

தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால் எப்படி வெளியே வருவது? மண்ணில் இறங்கும் மின்சாரம் வட்டமாகப் பரவுகிறது. தள்ளிப்போகப் போக அதன் அழுத்தம் குறைகிறது. நீங்கள் பெரிய எட்டு எடுத்து வைத்தால் ஒரு கால் கூடுதல் அழுத்தத்திலும் இன்னொரு கால் குறைந்த அழுத்தத்திலும் இருக்கும். அந்த வித்தியாசம் உங்கள் உடம்பு வழியே பாயும். அதனால் ஓடக் கூடாது. இரண்டு காலையும் ஒட்டி வைத்து, பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல் தேய்த்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். காரின் மேல் கம்பி விழுந்திருந்தால் உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு காலையும் சேர்த்து வெளியே குதித்து, அதேபோல் தேய்த்து நகருங்கள்.

மின் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். "இணைப்பைத் துண்டித்துவிட்டோம்" என்று அவர்கள் வாயால் நேரில் கேட்கும்வரை அந்த மரம் உங்களுடையது அல்ல.

இரண்டாம் படி: மேலே பார்ப்பது

தரையில் கிடப்பது நம் கண்ணை இழுத்துவிடும். ஆனால் ஆளைக் கொல்வது மேலே தொங்குவது. முறிந்து, இன்னொரு கிளையில் மாட்டிக்கொண்டு நிற்கும் கொப்பு சின்ன அசைவிலேயே விழும். சில நேரம் அசைவுகூட வேண்டாம், ஈரம் காய்ந்தாலே போதும். அதன் அடியில் யாரும் நடக்காதபடி கயிறு கட்டி மறியுங்கள். மரமே சாய்ந்து நின்றால் அதன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரைமேல் மரம் கிடந்தால் அதன் கீழ் உள்ள அறைகளைக் காலி செய்துவிடுங்கள். எரிவாயு வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் எல்லாரும் வெளியேறுவதுதான் முதல் வேலை. மழை உள்ளே இறங்காமல் தார்ப்பாய் போடலாம். ஆனால் அதற்காக மரம் கிடக்கும் கூரையில் ஏறக் கூடாது. அது எவ்வளவு எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

இன்னொன்று: கவிழ்ந்த மரத்தின் தழைக்குள் குளவிக்கூடு, தேனடை, சில ஊர்களில் பாம்பு எல்லாம் இருக்கும். கையை விடுமுன் நீளமான கழியால் கிளறிப் பாருங்கள்.

மூன்றாம் படி: சாய்ந்த சின்ன மரங்களை நிமிர்த்துவது

கம்பியும் கூரையும் சரி என்று தெரிந்ததும், பெரிய மரத்தை அப்படியே விட்டுவிட்டு இங்கே வாருங்கள். வெளியே தெரியும் வேர் வெயிலில் வேகமாகக் காய்ந்துவிடும். அடிமரம் சுமார் 10 செ.மீ. விட்டத்துக்குள் இருந்து, வேரில் பாதியளவாவது மண்ணுக்குள் இருந்தால் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிய மரத்தை நிமிர்த்தினால் நிற்பதுபோலத் தெரியும்; பிடிமானம் போயிருக்கும். அடுத்த காற்றில் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

உடனே நிமிர்த்த ஆளில்லையென்றால், வேரை ஈரச்சாக்கால் மூடித் தண்ணீர் தெளித்து வையுங்கள். நிமிர்த்தும்போது முதலில் செய்ய வேண்டியது தோண்டுவது. வேர் தூக்கிக்கொண்ட இடத்தில் மண் சரிந்து குழியை நிரப்பியிருக்கும். அதை அள்ளி எடுத்தால்தான் வேர் பழைய மட்டத்துக்கே இறங்கி உட்காரும். இல்லையென்றால் மேடாக நின்றுவிடும். கிழிந்து நார்நாராகத் தொங்கும் வேர்களைக் கூர்மையான கத்தியால் நேராக வெட்டிவிடுங்கள். அப்புறம் அடிமரத்தில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் அகலமான பட்டையைப் போட்டு, ஆட்கள் மெதுவாக இழுக்க வேண்டும். வண்டியில் கட்டி இழுப்பது வேண்டாம்; மீந்திருக்கும் நல்ல வேரும் அதில் அறுந்துவிடும்.

எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, மண்ணுக்குள் காற்று இல்லாதபடி தண்ணீர் விட்டு இறுக்குங்கள். உரம் இப்போது வேண்டாம். இரண்டு மூன்று முளைக்குச்சி அடித்து, அகலமான மெத்தென்ற துணியால் கட்டுங்கள். கொஞ்சம் ஆட இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும். காற்றில் ஆடினால்தான் அடிமரமும் வேரும் வலுப்பெறும். ஒரு பருவம் முழுக்க, புதிதாக நட்ட கன்றுக்கு விடுவதுபோல் தண்ணீர் விடுங்கள். ஓராண்டில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். மறந்துபோன கட்டு பட்டைக்குள் புதைந்து, புயலில் பிழைத்த மரத்தை நெரித்துக் கொன்றுவிடும்.

நான்காம் படி: படம், அனுமதி

வெட்டுமுன் படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, சேதத்துக்குப் பக்கத்தில் சில, வேர்ப்பகுதி ஒன்று. காப்பீடு இருந்தால் நிறுவனத்தோடு பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பல காப்பீடுகளில் வீட்டின்மேலோ மதிலின்மேலோ விழுந்த மரத்துக்குத்தான் பணம் கிடைக்கும். வெறும் தோட்டத்தில் விழுந்ததற்குக் கிடைப்பது அரிது. தார்ப்பாய் வாங்கிய ரசீதுகூடப் பத்திரமாக இருக்கட்டும். மரம் எல்லைக்கோட்டில் நின்றதா, பக்கத்து வீட்டுடையதா, தெருவோரத்து அரசு மரமா என்பதைப் பொறுத்து யார் வெட்டலாம் என்பது மாறும். சில இடங்களில் பாதுகாக்கப்பட்ட மரத்தைத் தொட அனுமதி வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும்.

ஐந்தாம் படி: நீங்களா, ஆளா?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 50 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டின் கன அளவு ஏறக்குறைய 0.6 கன மீட்டர். பச்சை மரம் கன மீட்டருக்கு 800 முதல் 1,000 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். ஆக, அந்த ஒரு துண்டு அரை டன். அது உருண்டால் உங்களால் தடுக்க முடியாது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மரம் முழுக்கத் தரையில் படுத்திருக்கிறது, உங்கள் இரண்டு காலும் தரையில் இருக்கின்றன, மேலே ஒன்றும் தொங்கவில்லை, வெட்ட வேண்டியது தொடை அளவுக்குள் என்றால் பழக்கமுள்ளவர் செய்யலாம். ஏணி வேண்டும், கூரை சம்பந்தப்பட்டது, இன்னொரு மரத்தில் சாய்ந்து மாட்டியிருக்கிறது, வேர்மண்ணோடு பெயர்ந்து நிற்கிறது – இதில் ஒன்று இருந்தாலும் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஏணிமேல் நின்று செயின்சா ஓட்டுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

புயலுக்குப் பின் வீடு வீடாகக் கதவைத் தட்டி வருகிறவர்களிடம் நிதானமாகப் பேசுங்கள். என்ன செய்வார்கள், கட்டையையும் தழையையும் யார் எடுத்துப்போவது, எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அடிபட்டால் பொறுப்பேற்கக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் விலகிவிடுங்கள். தொழில் தெரிந்தவரை அடையாளம் காண ஒரு வழி: உயிரோடு வைத்திருக்கப் போகும் மரத்தில் முள் பதித்த காலணியோடு ஏறுகிறாரா, "உச்சியை மொட்டையாக வெட்டிவிடலாம்" என்கிறாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் அவர் மரம் அறுப்பவர், மரம் வளர்ப்பைத் தெரிந்தவர் இல்லை.

ஆறாம் படி: கிடக்கும் மரத்தை வெட்டுவது

தலைக்கவசம், கண்ணாடி, காதுமூடி, கையுறை, கடினமான காலணி, காலுக்குச் செயின்சா தடுப்பு உடுப்பு – இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். செயின்சாவின் சத்தம் 110 டெசிபல் அளவுக்குப் போகும்; காதுமூடி பகட்டுக்காக இல்லை. தனியாகச் செய்யாதீர்கள். இயந்திரத்தைச் சங்கிலி பிரேக்கைப் போட்டுத் தரையில் வைத்துத்தான் கிளப்ப வேண்டும். எப்போதும் இரண்டு கையாலும், தோள் உயரத்துக்குக் கீழேயே பிடியுங்கள். வாளின் (சங்கிலி சுற்றி ஓடும் நீளமான தட்டின்) நுனியில் மேற்பாதி எதிலாவது பட்டால் இயந்திரம் மின்னல் வேகத்தில் உங்கள் முகத்தை நோக்கித் துள்ளும். தழைக்குள் நுழைத்து வெட்டும்போது நுனி எங்கே இருக்கிறதென்று தெரியாது. அதனால்தான் முதலில் மிலாறையும் சுள்ளியையும் கைரம்பத்தாலும் அரிவாளாலும் ஒதுக்க வேண்டும். வீட்டுப் பக்கத்து மரமென்றால் பட்டைக்குள் பழைய ஆணி, கொடிக்கம்பி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்த மரம் பார்க்க அசைவற்றுக் கிடக்கும். உண்மையில் ஒவ்வொரு கிளையும் எதையோ முட்டி வளைந்து, விசையை அடக்கிக்கொண்டிருக்கும். நல்ல மரவெட்டி ரம்பத்தைக் கிளப்புமுன் சில நிமிடம் மரத்தைச் சுற்றி வருவது இதைப் படிக்கத்தான். வளைவின் வெளிப்பக்கத்தில் நார்கள் இழுபட்டிருக்கும், உட்பக்கத்தில் நெருக்குண்டிருக்கும்.

ஒரு கட்டையின் இரண்டு முனையும் எதன்மீதோ தாங்கி, நடுப்பகுதி அந்தரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். நடு தொய்கிறது, மேற்பக்கம் நெருக்கம், கீழ்ப்பக்கம் இழுப்பு. மேலிருந்து ஒரே வெட்டாக இறக்கினால் வெட்டு மூடிக்கொண்டு வாளைக் கவ்விக்கொள்ளும். எனவே மேலிருந்து விட்டத்தில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை மட்டும் வெட்டி, மீதியைக் கீழிருந்து மேலே வெட்ட வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தலைகீழ்: இழுப்பு மேலே. முதல் வெட்டு கீழிருந்து, அப்புறம் மேலிருந்து. சுருக்கமாக, நெருக்கமுள்ள பக்கத்தை முதலில் கொஞ்சம், பிறகு இழுப்புள்ள பக்கத்தை. வெட்டு திறக்கிறதா மூடுகிறதா என்பதையே கவனியுங்கள். மூடத் தொடங்கினால் வாளை உடனே வெளியே எடுங்கள். மாட்டிக்கொண்டால் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஆப்பு அடித்துத் திறப்பது நல்லது. ஆட்டிப் பிடுங்க வேண்டாம்.

பெரிய மரத்தின் அடியில் வில்லாக வளைந்து மாட்டியிருக்கும் இளமரத்தை வெட்டவே வெட்டாதீர்கள். விடுபட்டால் அது நிமிரும் வேகத்தில் தாடை உடையும்.

சரிவில் வேலை செய்தால் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். நுனியிலிருந்து அடிமரத்தை நோக்கி வாருங்கள். அடிமரத்தைக் கீழிருந்து தாங்கும் கிளைகளைக் கடைசிக்கு விடுங்கள். அதில் ஒன்றை எடுத்தாலும் மரம் புரளும். பின்வாங்க ஒரு வழி எப்போதும் காலியாக இருக்கட்டும்.

வேர்மண்ணோடு பெயர்ந்த மரத்துக்குத் தனி எச்சரிக்கை. அடிமரத்தை அறுத்ததும் எதிர்எடை போய்விடுகிறது. சுவராக நின்ற வேர்த்தட்டு திடீரென்று பழைய குழிக்கே திரும்பி உட்காரும். சில நேரம் முன்பக்கமாகவும் கவிழும். அந்தக் குழி குழந்தைகளுக்கு விளையாட அழைப்பு விடுப்பதுபோல் இருக்கும். வெட்டும்போது மட்டுமல்ல, எந்த நேரத்திலும் அதில் யாரும் இறங்கக் கூடாது. வேர்த்தட்டை வலுவான கயிற்றாலோ இயந்திரத்தாலோ பிடித்துக்கொண்டு அறுக்கும் வேலை அது தெரிந்தவர்களுக்கு உரியது.

ஏழாம் படி: நிற்கும் மரம் – வெட்டவா, விடவா?

இங்குதான் அதிகத் தவறு நடக்கிறது. இலை முழுக்க உதிர்ந்து மொட்டையாக நிற்கும் மரத்தைச் செத்துவிட்டதென்று வெட்டிவிடுகிறார்கள். சிறு கிளை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்குக் கீழே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. அடுத்த தளிர்ப்பருவம்வரை விடுங்கள்.

கிளைகளில் பாதிக்கு மேல் தப்பியிருந்தால், நடுத்தண்டு முழுதாக இருந்தால், அது முன்பும் நல்ல திடமாக இருந்த மரமென்றால், காத்திருப்பது வீண்போகாது. பாதிக்கு மேல் போய்விட்டது, அடிமரம் நெடுக்காகப் பிளந்துவிட்டது, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டை உரிந்துவிட்டது என்றால் நம்பிக்கை குறைவு. புதிதாகச் சாய்ந்திருந்தால் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் தரையைப் பாருங்கள். மண் விரிசல் விட்டிருந்தாலோ மேடாகத் தூக்கியிருந்தாலோ உள்ளே வேர் அறுந்திருக்கிறது. அந்த மரத்தை நம்ப வேண்டாம்.

ஆனால் இந்த அளவுகோல்களை எல்லாம்விட நான் முக்கியமாகப் பார்ப்பது, மரம் விழுந்தால் என்ன நசுங்கும் என்பதைத்தான். தோட்டத்தின் கோடியில் பாதிக் கிளையோடு நிற்கும் மரத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுக்கலாம். அதே மரம் படுக்கையறைக்கு மேல் நின்றால் அந்தத் தாராளம் கூடாது.

கவையில் சின்னப் பிளவு என்றால், துளையிட்டு ஊடே போல்ட் போட்டுச் சேர்க்க முடியும். அதையும் வல்லுநர்தான் செய்ய வேண்டும். மரத்தைச் சுற்றிக் கம்பி இறுக்கிக் கட்டுவது மட்டும் வேண்டாம். பட்டைக்கு உட்புறம் சத்து போகும் வழியை அது அடைத்துவிடும்.

எட்டாம் படி: முறிந்த கிளையை எடுப்பது

முறிந்த கொப்பை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால் பாதியில் தன் எடையாலேயே கிழிந்து, அடிமரத்துப் பட்டையையும் நெடுக உரித்துக்கொண்டு இறங்கும். மூன்று வெட்டாகச் செய்யுங்கள். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்குவரை முதல் வெட்டு. அதற்கு இரண்டு மூன்று விரற்கடை வெளியே, மேலிருந்து இரண்டாவது. எடை முழுக்க இதில் விழுந்துவிடும், கிழிசல் முதல் வெட்டோடு நின்றுவிடும். மீந்த முண்டைக் கடைசியாக அறுங்கள்.

கடைசி வெட்டு எங்கே என்பதுதான் முக்கியம். கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துபோல் சற்றுப் புடைத்த ஒரு வளையம் தெரியும். அதற்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். அடிமரத்தோடு மட்டமாக வழித்துவிட்டால் காயம் மூடும் திசுவையே வெட்டி எறிந்ததாகும். முண்டு விட்டால் அது அழுகி உள்ளே வழி காட்டும்.

வெட்டுவாயில் தார், பெயின்ட், சாணம் எதுவும் பூச வேண்டாம். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை செயின்சாவால் நெடுக்கே பிளந்து, காயத்துக்குப் பின் உள்ளே என்ன நடக்கிறதென்று ஆராய்ந்தவர். காயத்தைச் சுற்றி மரமே தடுப்புச்சுவர் எழுப்பி அழுகலை அந்த இடத்தோடு அடைத்துவிடுகிறது என்பதை அவர் 1977-இல் விரிவாக வெளியிட்டார். பூச்சு அழுகலைத் தடுக்கவில்லை என்பதும் அவர் ஆய்வுகளில் தெரிந்தது. சில இடங்களில் குறிப்பிட்ட மரநோய்களைப் பரப்பும் பூச்சிகளுக்காகப் பூசச் சொல்வதுண்டு, அது விதிவிலக்கு. தொங்கும் பட்டையைத் தளர்ந்த இடம்வரை மட்டும் சீராக வெட்டிவிடுங்கள், போதும்.

தென்னை, பனை வகைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இவற்றின் வளர்ச்சி உச்சியில் உள்ள ஒரே ஒரு குருத்தில் இருக்கிறது. குருத்து முறிந்தால் அந்தத் தண்டு அவ்வளவுதான். குருத்து பிழைத்திருந்தால் மட்டையெல்லாம் ஒடிந்து தொங்கினாலும் ஆறு மாதமாவது பொறுங்கள். பச்சை ஓடும் மட்டையை வெட்டாதீர்கள், மீண்டு வர அதுதான் உணவு தயாரிக்கிறது. தண்டில் பட்ட காயம் மூடாது, ஆயுளுக்கும் அப்படியே இருக்கும்.

ஒன்பதாம் படி: மீந்ததை என்ன செய்வது

தழையையும் சுள்ளியையும் துண்டாக்கினால் நல்ல மூடாக்கு. 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பலாம், அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது. மண்ணோடு கலக்காமல் மேலாகவே இருக்கட்டும், உள்ளே கலந்தால் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். விறகாக வைப்பதென்றால் பிளந்து, தரையில் படாமல், மழை படாமல் அடுக்குங்கள். மரத்தைப் பொறுத்து காய ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகூட ஆகும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் கரையானுக்குப் பாலம் போட்டதாகும். அடிமரம் நேராகவும் கனமாகவும் இருந்தால் துண்டு போடுமுன் மரம் அறுப்பவரிடம் காட்டுங்கள். நீளமாக இருந்தால்தான் பலகைக்கு ஆகும், குட்டையாக வெட்டிவிட்டால் வெறும் விறகு.

தூரை உடனே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. சில மரங்கள் அதிலிருந்தே துளிர்க்கும். வேண்டாமென்றால் துளிரை அவ்வப்போது ஒடித்துவிடுங்கள், அல்லது தூர் அரைக்கும் இயந்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள். தோண்டுவதானால் நிலத்தடிக் குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

விட்டுவைத்த மரங்களை ஓராண்டுக்காவது கண்காணியுங்கள். வறண்ட காலத்தில் நன்றாக நனையத் தண்ணீர் விடுங்கள். மழைக்குப் பிறகு அடியில் காளான் முளைக்கிறதா, சாய்வு கூடுகிறதா, உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்கின்றனவா என்று பாருங்கள். சாய்வை வெறும் கண்ணால் நினைவு வைத்துக்கொள்ள முடியாது. ஒரே இடத்தில் நின்று, பின்னால் ஒரு சுவரோ கம்பமோ தெரியும்படி மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் நகர்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். நகர்ந்திருந்தால் அடுத்த காற்றுக் காலத்துக்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.